மனுவில் இருந்த பிள்ளை

மகனே,

நீ பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அம்மாவோடு போனில் கதைக்கிறாய். சாப்பிட்டாயா, குளிருக்கு உடுப்புப் போதுமா என்று அவள் கேட்கிறாள். நீ ஓம் என்கிறாய். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பது உனக்குத் தெரியும். அப்பாவிடம் கொடுங்கள் என்று நீ கேட்பதில்லை, நானும் கை நீட்டுவதில்லை. இனியும் இப்படியே போகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் இதை நம் கடைகளில் வாசலோரம் அடுக்கி வைக்கும் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அம்மா முதலில் மறித்தாள். வீட்டு விசயத்தை ஊர் வாசிக்க வேண்டுமா என்று கேட்டாள். உன் பெயரோ என் பெயரோ இதில் இல்லை. ஆனால் என் மகன் சட்டம் படிக்கிறான் என்று பாரிசில் நம் ஆட்கள் கூடும் லா சப்பலில் மரக்கறிக் கடையிலும் நகைக் கடையிலும் முடி வெட்டும் இடத்திலும் நின்று பெருமை பேசியவன் நான். பெருமையைத் தெருவில் பேசிவிட்டு, நடந்ததை மட்டும் வீட்டுக்குள் பூட்டி வைப்பது சரியில்லை என்று அவளிடம் சொன்னேன்.

நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருசத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சிவப்பு நிறச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய் மெற்றோப் படிகளில் ஏறி வருவாய். மேசையில் அதை விரித்துவைத்து வாய்விட்டுப் படிப்பாய். ஒரு பக்கத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துப் போடுவாய். இருபதுக்கு ஏழு, எட்டு என்றுதான் புள்ளிகள் வந்தன. ஒரு நாள் முகம் சிவந்துபோய் வந்து, என்னால் இது ஏலாது என்று அம்மாவின் மடியில் படுத்துவிட்டாய். ஆனால் இன்னொரு நாளும் இருந்தது. நான் வேலைக்குப் போக முதல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நீ புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கி, "அப்பா, நீங்கள் காலமை பாண் வாங்கிறதும் ஒரு ஒப்பந்தம்தான் தெரியுமோ?" என்று கேட்டாய். பிறகு கால் மணித்தியாலம் எனக்கு ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னாய். தமிழ் பாதி, பிரெஞ்சு பாதி. எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். ஆனால் உனக்கு விளங்கிவிட்டது என்பது உன் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தோடுதான் அன்றைக்கு முழுக்க நான் உணவகச் சமையலறையில் வெங்காயம் வெட்டினேன்.

இரண்டாம் வருசத்தில் புள்ளிகள் ஏறின. பன்னிரண்டு, பதினாலு, ஒரு தரம் பதினாறு. உன் வயதுப் பிள்ளைகள் பிரெஞ்சில் 'ஈ ஆ' என்கிறீர்கள், தமிழ்ச் செய்திகளில் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். அது உன் மடிக்கணினிக்குள் வந்து சேர்ந்தது அந்த வருசம்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகன் கெட்டிக்காரனாகிவிட்டான் என்பது மட்டும். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். உன் அறையில் இருந்து சத்தமே வருவதில்லை, முந்தி முணுமுணுத்துப் படிக்கிற பிள்ளை இப்போது ஏன் இப்படி அமைதியாக இருக்கிறான் என்று கேட்டாள். கெட்டிக்காரர் சத்தம் போட்டுப் படிக்க மாட்டார்கள் என்று நான் அவளின் வாயை அடைத்தேன். சிவப்புப் புத்தகம் அலுமாரிக்கு மேலே ஏறியது. அதையும் நான் கண்டேன். கண்டு, எல்லாம் தலைக்குள் ஏறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அதை என்னிடம் ஒளிக்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை என் முன்னால் நீட்டி, என்ன வேண்டுமென்றாலும் கேளுங்கள், தமிழிலேயே பதில் சொல்லும் என்றாய். பாரிஸ் தண்ணீரில் பருப்பு ஏன் அவியப் பஞ்சிப்படுகிறது என்று கேட்டேன். அழகான தமிழில் பதில் வந்தது. தண்ணீரில் சுண்ணாம்பு கூட இருப்பதால் என்று சொன்னது, அது சரி. அதற்குப் பிறகு, பருப்புப் போடும்போதே புளியும் சேர்த்தால் கெதியாக அவியும் என்று சொன்னது. புளி விட்டால் பருப்பு எந்தக் காலத்திலும் அவியாது. அம்மாவும் நானும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். இருபத்திரண்டு வருசம் அடுப்பில் நிற்பவன் என்பதால் அந்தப் பிழை எனக்குக் கண்ணில் பட்டது. சரியான வசனமும் பிழையான வசனமும் ஒரே அழகில், ஒரே துணிவில் வந்தன. எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டிருந்தால் பிழையை எப்படிக் கண்டுபிடித்திருப்பேன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. சட்டத்தில் நீ எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்றும் உன்னிடம் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. நானே அப்படித்தான் இந்த நாட்டில் வாழ்ந்திருக்கிறேன். வந்த புதிதில் எனக்கு இலவசமாகப் பிரெஞ்சு வகுப்புத் தந்தார்கள். முதல் நாள் போனேன். அதற்குப் பிறகு காலையில் கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டுப் பின்வாசலால் வேலைக்கு ஓடினேன். சமையலறையில் பெரிய சமையல்காரருக்கு ஓம் என்று சொல்லும் 'வி, ஷெப்' என்ற இரண்டு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. விளங்கினாலும் வி, விளங்காவிட்டாலும் வி. பிறகு நீ பிறந்து வளர்ந்தாய். எட்டு வயதில் இருந்து வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் உன் கையில் தந்தேன். வாடகைக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், விசா கொடுக்கும் பிரெபெக்தூர் அலுவலகக் கடிதம். நீ வாசித்துச் சொன்னாய், நான் நம்பினேன். சரிபார்க்க எனக்கு வழி இல்லை. நான் படிக்க வேண்டியதை உன் தலையில் வைத்துவிட்டு, பிள்ளை கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டேன். உன் ஆசிரியை ஒரு தரம் எங்களைக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? அவர் நெடுநேரம் பேசினார். நீ நடுவில் இருந்து, நல்லாப் படிக்கிறேனாம் அப்பா என்று ஒரே வசனத்தில் சொன்னாய். விளங்காத இடத்தில் இவன் கேள்வி கேட்பதில்லை, தலையை ஆட்டிவிட்டு இருக்கிறான், இது பிறகு கஷ்டம் தரும் என்றுதான் அவர் சொன்னாராம். பத்து வருசம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் நீயே அதைச் சொன்னாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இனித் தவத்தின் கதைக்கு வருகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், தவம் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில் பெட்டி இறக்குகிறவர். என்னைவிட எட்டு வயது குறைவு, அண்ணை என்று கூப்பிடுவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தூக்கி மாம்பழப் பெட்டிகளுக்கு மேலே இருத்துவார். நீ அவரை மாமா என்றாய். அவர் கலியாணம் கட்டவில்லை. முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு ஷெல் துண்டு இருந்தது. அதை எடுத்தால் கால் போகக்கூடும் என்று இங்கத்தை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, விசா இல்லாமல் காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். போன வருசம் இலை உதிரத் தொடங்கிய நேரத்தில் அவருக்குப் பிரெபெக்தூரில் இருந்து கடிதம் வந்தது. நாட்டை விட்டுப் போக வேண்டும், நீதிமன்றத்துக்கு மனுப் போடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்று அதில் இருந்தது.

அவர் கடிதத்தோடு வந்து நின்றபோது, செவ்வாய்க்கிழமைகளில் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு சங்கம் இருக்கிறதாம், அங்கே போகட்டுமா என்றுதான் என்னிடம் கேட்டார். நான்தான் தடுத்தேன். அங்கே வரிசையில் நின்று யாரோ தெரியாதவர்களிடம் போவதைவிட என் மகன் எழுதுவான், மூன்றாம் வருசம் சட்டம் படிக்கிறான் என்றேன். கடையில் நாலு பேர் கேட்கும்படி சொன்னேன். நீ மறுத்தாய். இது சட்டத்தில் வேறு பகுதி அப்பா, நாங்கள் இன்னும் படிக்கவில்லை, நான் வக்கீல் இல்லை, அவொக்கா இல்லை என்று நீ தெளிவாகச் சொன்னாய். அதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். நான் உன்னைப் பார்த்து, "மூண்டு வருசம் படிச்சு ஒரு கடிதம் எழுத ஏலாதோ உனக்கு?" என்று கேட்டேன். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வையை நான் ரோசம் என்று நினைத்தேன். அது பயம். சரி, பாப்பம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய்.

தவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். பிளாஸ்ரிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எக்ஸ்ரே, வைத்தியர்களின் சான்றிதழ்கள், பழைய விண்ணப்பங்கள், தமக்கை அனுப்பிய கடிதங்கள் என்று அவருடைய பன்னிரண்டு வருசம் அதற்குள் இருந்தது. நீ மூன்று கேள்வி கேட்டாய். மேலே இருந்த இரண்டு தாளைப் போனில் படம் எடுத்தாய். மற்றதைப் பிறகு பார்க்கிறேன் மாமா என்று கோப்பை வாங்கி வைத்தாய். புதன்கிழமை எட்டுப் பக்கத்தில் மனு தயாராக இருந்தது. அதில் ஒரு பந்தியை நீ எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். எங்களில் ஒருவருக்கும் ஒரு வசனமும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் கோயிலில் மந்திரம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தோம். தவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நீ கோப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பக் கட்டித் தந்த ரப்பர் வளையம் அதே இடத்தில், அதே முறுக்கோடு இருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

நீதிமன்றத்துக்கு நான் வேலையில் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். உனக்கு அன்றைக்குச் சோதனை என்றாய். சின்ன மண்டபம். நீதிபதி ஒரு பெண், என் வயது இருக்கும். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தார். தவம் புதுச் சேட்டு வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் மனுவோடு போய்விட்டது என்று நினைத்துக் கோப்பை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நீதிபதி தாள்களைப் புரட்டிவிட்டு, மனுவின் நாலாம் பக்கத்தில் உங்கள் மகள் பாரிசில் ஆரம்பப் பள்ளியில் படிப்பதாக இருக்கிறது, எந்தப் பள்ளி என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். தவத்துக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவர் இன்னொரு தரம் சொன்னார்.

"எனக்குப் பிள்ளை இல்லை அம்மா," என்றார் தவம். "நான் கலியாணமே கட்டேல்லை."

அந்தப் பெண் அதைப் பிரெஞ்சில் சொல்ல முதல் கொஞ்சம் தயங்கினார். சொன்னதும் நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். பிரெபெக்தூர் பக்கத்து அவொக்கா எழும்பி, மனுவில் காட்டியிருக்கும் தீர்ப்புகளில் இரண்டைத் தாங்கள் எங்கே தேடியும் காணவில்லை, அப்படித் தீர்ப்புகளே இல்லை என்றார். இதை எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார். தவம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தானே எழுதியதாக அவர் சொன்னார். பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாத மனிதர், உன்னை மாட்டிவிடக் கூடாது என்று அந்த மண்டபத்தில் பொய் சொன்னார். ஒருவரும் அதை நம்பவில்லை. பிறகு முதுகில் ஷெல் துண்டு இருக்கிறதென்று சொல்லிச் சேட்டின் பொத்தானைக் கழற்றப் போனார். வேண்டாம் அண்ணா, பேப்பர் இருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகக் கேட்டார். கையில் இல்லை. பிள்ளை இருப்பதாகப் பொய் எழுதிய மனிதர் ஷெல் துண்டைப் பற்றிச் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? இரண்டு கிழமையில் தபாலில் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சங்கத்துக்குப் போனோம். அங்கே இருந்த வயதான பெண் கோப்பை முழுதாக, ஒவ்வொரு தாளாக வாசித்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வைத்தியச் சான்றிதழைத் தனியாக எடுத்து வைத்தார். இதை ஏன் ஒருவரும் காட்டவில்லை என்று கேட்டார். மேல் நீதிமன்றத்துக்கு எழுதலாம், எழுதித் தருகிறேன், ஆனால் அது முடியும்வரை பொலிஸ் பிடிக்காமல் இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

நீதிமன்றத்தில் கேட்டதை அதுவரை நான் உன்னிடம் எடுக்கவில்லை. சங்கத்துக்குப் போய்வந்த அன்று பின்னேரம் நீ வீட்டுக்கு வந்தாய். மனுவின் பிரதியை நாலாம் பக்கத்தில் மடித்து மேசையில் வைத்திருந்தேன். இந்தப் பிள்ளை யார் என்று கேட்டேன். நீ தாளை எடுத்து வாசித்தாய். உன் கண் வரிவரியாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதல் தரம் வாசிக்கிறாய் என்பது எனக்கு அந்த நிமிசத்தில் விளங்கியது. அதைவிடப் பெரிய அடி எனக்கு அந்த நாளில் விழவில்லை. உன் கையால் போன மனு, உன் கண் படாமல் போயிருக்கிறது. இரண்டு தாளின் படத்தையும் மூன்று பதிலையும் உன் மடிக்கணினிக்குள் இருந்த அந்த 'ஈ ஆ'விடம் கொடுத்திருக்கிறாய். இல்லாத இடத்தை அது தானாக நிரப்பியிருக்கிறது. இப்படியான மனுக்களில் வழக்கமாக ஒரு பிள்ளை வரும் போலிருக்கிறது, அதனால் தவத்துக்கும் ஒரு பிள்ளையைக் கொடுத்து, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டது.

பிறகு நீ சொல்லத் தொடங்கினாய். பிரெஞ்சில் தொடங்கினாய், அம்மா அழுவதைக் கண்டு தமிழுக்கு வந்தாய். முதலில் ஒரு கட்டுரைக்கு ஒழுங்கு மட்டும் அதனிடம் கேட்டேன், பிறகு நான் எழுதியதைத் திருத்தக் கொடுத்தேன், பிறகு அதையே எழுதச் சொன்னேன், பிறகு வாசிக்க வேண்டிய தீர்ப்புகளையும் அதனிடமே கொடுத்துச் சுருக்கி வாங்கினேன் என்றாய். வகுப்பில் எல்லாருடைய திரையிலும் அது திறந்திருந்தது, செய்யாதவன்தான் மடையன் மாதிரி இருந்தான் என்றாய். போன தை மாதம், மண்டபத்துக்குள் வைத்த சோதனையில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் இருந்தாயாம். பெயரை எழுதினாய், கேள்வியை எழுதினாய், முதல் வசனத்தை எழுதினாய். இரண்டாம் வசனம் வரவில்லை. சோதனை நல்லாப் போனது என்று எங்களிடம் சொன்னாய், கிடைத்தது மூன்று புள்ளி.

"வாசிக்கேக்கை எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும் அப்பா," என்றாய். "விளங்கினதுக்கும் விளங்கின மாதிரி இருக்கிறதுக்கும் வித்தியாசம் அங்கை போய் இருந்தாப் பிறகுதான் தெரிஞ்சுது."

நீ மூன்று வருசம் படித்ததில் உனக்கே உரிய வசனம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு என் காதில் அது விழவில்லை. நீ ஒரு மனுசனைக் கொன்றுபோட்டாய் என்று கத்தினேன். என்னுடைய சொற்களில் நான் திருப்பி எடுக்க விரும்புவது அந்த ஒன்றைத்தான். அவரை அந்தச் சங்கத்துக்குப் போக விடாமல் மறித்த கை என்னுடையது. நீ மாட்டேன் என்றபோது ரோசப்படுத்தியதும் நான்தான். நீதிமன்றத்தில் தலையைக் குனிந்ததும் நான். எல்லாவற்றையும் சேர்த்து உன் ஒருவன் தலையில் போட்டேன். அடுத்த நாள் மத்தியானம் நீ ஒரு பையோடு வெளிக்கிட்டாய். நான் வேலைக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்று எழுதுகிறேன், உண்மையில் அது நான் வேலைக்குப் போக வேண்டிய நாளே இல்லை.

நீ போய் மூன்றாம் கிழமை தவத்தை மெற்றோ வாசலில் பிடித்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் திருப்பி அனுப்புகிறவர்களை வைத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டாம் தரம் அவர் நல்லாக மெலிந்திருந்தார். இருக்கையில் நிமிர்ந்து இருக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு உன்னைப் பற்றித்தான் கேட்டார். "தம்பியை ஏசாதையுங்கோ அண்ணை," என்றார். "அவன் நல்லாத்தான் எழுதினவன். அந்த நீதிபதி அம்மா வேறை ஆற்றையோ பேப்பரை மாத்தி வாசிச்சிட்டா."

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். அவருக்கு முன்னால் இருந்துகொண்டு, ஓம் தவம், அப்படித்தான் இருக்கும் என்றேன். வெட்கம்தான் காரணம். நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து சொன்னபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. நாலு நாளில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மேல் நீதிமன்றத்தில் கொடுத்த மனு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சங்கத்துப் பெண் எழுதியது மூன்றே பக்கம். அதில் இருந்ததெல்லாம் உண்மை.

இப்போது அவர் கிளிநொச்சிப் பக்கம் தமக்கை வீட்டில் இருக்கிறார். கொழும்பில் இறங்கியதும் ஒரு நாள் முழுக்க வைத்து விசாரித்திருக்கிறார்கள். முதுகு நோவுக்கு அங்கே கொடுக்கும் குளிசை போதவில்லையாம். போன மாதம் ஒரு பகல் நேரத்தில் போன் எடுத்து அவருக்கு உண்மையைச் சொன்னேன். மனுவை மெசின்தான் எழுதியது, தம்பி வாசிக்காமல் தந்துவிட்டான், நீதிபதி ஒன்றையும் மாற்றி வாசிக்கவில்லை, உங்களை முதலே அந்தச் சங்கத்துக்கு விடாதது என் பிழை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளை ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்.

ஒருவருடைய பிள்ளையும் இல்லை தவம் என்றேன். "பேர் ஏதும் போட்டிருந்ததோ?" என்று கேட்டார். பெயர் போடவில்லை என்றேன். சரி அண்ணை என்று போனை வைத்துவிட்டார். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. தனியாக வாழ்ந்த மனிதர், ஒரு நிமிசம் அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்த்திருப்பாரோ என்று பிறகு யோசித்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

நீ விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலைக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். உடம்பால் உழைப்பதில் குறைவு ஒன்றும் இல்லை, நான் வாழ்க்கை முழுக்க அதைத்தான் செய்தேன். ஆனால் நீ அதை உனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனையாகச் செய்கிறாய் என்றால், அந்தத் தண்டனையால் தவத்துக்கு ஒரு குளிசைகூடக் கிடைக்காது. திரும்பப் படி என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலாம் வருசத்தில் இருந்து தொடங்கு. ஏழு எடுத்தாலும் எடு. அந்த ஏழு உன்னுடையதாக இருந்தது. அந்த இயந்திரத்தைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது உன்னை மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்ல முடியாது. ஆனால் அது பிழை சொன்னால் பிழை என்று சொல்லத் தெரிகிற அளவுக்கு உன் தலைக்குள் சொந்தமாக ஏதாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் நீயும் நானும் ஒன்றுதான். நான் கடிதத்தை உன்னிடம் நீட்டினேன், நீ அதனிடம் நீட்டினாய். கடைசியில் அந்தக் கடிதத்தை வாசித்த ஆள் ஒருவரும் இல்லை. என் பங்குக்கு நான் சனிக்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். ஐம்பத்தாறு வயதில் ஒன்றும் மண்டையில் நிற்குதில்லை. போன கிழமை ஆசிரியை கேட்டதற்கு எனக்கு விளங்கவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். இருபத்திரண்டு வருசத்தில் அதை ஒருவரிடமும் சொன்னதாக நினைவில்லை.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வருசம் படித்தாய். ஆனால் இவ்வளவு நீளமாக ஒன்றை நீ வாசித்திருக்க மாட்டாய். பத்திரிகையைப் படமெடுத்து அந்த இயந்திரத்திடம் கொடுத்தால் ஒரு நிமிசத்தில் நல்ல பிரெஞ்சில் தரும் என்பதும் எனக்குத் தெரியும். தயவுசெய்து கொடுக்காதே. எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, என்மேலும் இருக்கிறது. அது கோபம் இரண்டையும் இதமாக்கி, நான் எழுதாத ஒரு மன்னிப்பைக் கடைசியில் சேர்த்துவிடக்கூடும். மன்னிப்பு என்னிடம் இல்லை. இருந்தாலும் அதைத் தருகிற ஆள் நான் இல்லை. எழுத்துக்கூட்டி வாசி. ஒரு பந்திக்கு ஒரு நாள் எடுத்தாலும் எடு. விளங்காத சொல்லுக்கு அம்மாவிடம் கேள், என்னிடம் கேட்டாலும் சொல்வேன்.

தவத்தின் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் அவர் வீட்டில்தான் இருப்பார். நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன், உன் பங்கை நான் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று ஒருவரிடமும் கேட்காதே, எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காதே. முதல் வசனத்தோடு நின்றுபோனாலும் போனை வைத்துவிடாதே. அப்படியே காதில் வைத்துக்கொண்டிரு. அவர் அவசரப்படுத்துகிற மனிதர் இல்லை.

அப்பா